குறை குழாயில் இல்லை

"பைப்பை மூணு அடி நீட்டிட்டா போதும், டிப்பர் எங்க நின்னாலும் கொட்டிடலாம்." தை பிறந்துவிட்டால் காவிரிப் பாசனப் பகுதியில் அறுப்பு மிஷின் வைத்திருப்பவர், ஓட்டுபவர், வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர், பட்டறைக்காரர் என்று யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது. மறுத்துப் பேசுகிறவர் ஒருவரும் என் கண்ணில் படவில்லை. நெல்லோடும் இரும்போடும் வருஷம் முழுக்கப் புழங்குகிறவர்களே சொல்வதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர்கள் சொல்வது தவறு. அந்தத் தவறுக்கான விலையைக் கொடுப்பவர்களில் பாதிப்பேர் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளக்கூட இல்லை.

முதலில் அவர்கள் பக்க நியாயத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுப்பு மிஷின், அதாவது பெல்ட் வண்டி, சேற்றில் இறங்குவதற்கென்று செய்யப்பட்டது. உடம்பு சிறியது, டேங்கும் சிறியது. 1,000 லிட்டரைச் சுற்றிய டேங்கில் 550, 600 கிலோ நெல்தான் பிடிக்கும். ஏக்கருக்கு இரண்டரை டன் கண்டுவிட்டால் நாலைந்து தடவை வரப்போரம் வந்து கொட்டியாக வேண்டும். முன்பு தாழ்வான டிரெய்லர் வந்தது. இப்போது டிப்பரின் பக்கப் பலகைக்கு மேல் இன்னொரு பலகை அடித்து உயர்த்திக்கொண்டு வருகிறார்கள். போதாததற்கு ரோடு பல இடங்களில் வயலைவிட மூன்றடி மேடு. டேங்கிலிருந்து நெல்லைக் கொட்டக் கம்பெனி கொடுத்த குழாயின் வாய் பலகை விளிம்பைத் தாண்டுவதில்லை. ஓட்டுநர் முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரு பக்க பெல்ட்டை வரப்பில் ஏற்றி, எப்படியோ கொட்டுகிறார். ஒரு தடவைக்கு 2 நிமிஷம் வீண். ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 10 நிமிஷம். வாடகை மணிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 400 ரூபாய். பட்டறையில் ஒரு பகல் வேலையில் குழாயை நீட்டிக்கொண்டால் இந்த வீண் நிற்கும் என்கிறார்கள். வடக்கே பெரிய டயர் வண்டிகளில் குழாய் நீளமாகத்தானே இருக்கிறது, அமெரிக்காவில் நீட்டுவதற்கென்றே கிட் விற்கிறார்களே என்றும் கேட்கிறார்கள்.

கணக்கில் பொய் இல்லை. தொந்தரவும் கற்பனை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் வரவுப் பக்கம் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது.

1. இருபது கிலோ இரும்புதானே என்கிறார்கள். எங்கே தொங்குகிற இருபது கிலோ?

ஒரு மரக்கால் நெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரப்பில் அரை மைல் நடக்கலாம். அதே மரக்காலைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்து பாருங்கள். தோள்பட்டை சொல்லும் பதிலைத்தான் குழாயின் அடிமூட்டும் சொல்கிறது. குழாய் ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்டு மறுமுனையில் அந்தரத்தில் நிற்கிற பொருள். அப்படி நிற்கும் பொருளின் நீளம் கூடும்போது அடியில் விழும் பளு நீளத்தின் அளவுக்குக் கூடுவதில்லை. நீளத்தின் வர்க்கத்துக்குக் கூடுகிறது. 3 மீட்டர் குழாய் 4 மீட்டர் ஆனால் நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. அடிமூட்டின் மேல் விழும் பளு 9-க்கு 16 என்ற கணக்கில், அதாவது முக்கால் பங்குக்கும் மேல் ஏறிவிட்டது. நுனி எவ்வளவு தொய்யும் என்பது இன்னும் மோசம். அது நீளத்தின் நான்காம் அடுக்கில் போகிற கணக்கு. 81-க்கு 256. மூன்று மடங்குக்கும் அதிகம்.

இது வெறும் குழாய்க்கான கணக்கு. கொட்டும்போது உள்ளே நெல் இருக்கிறது. எட்டு அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு 15 கிலோவுக்குக் குறையாமல் நெல் நிற்கும். மார்கழிப் பனியில் நனைந்த நெல் என்றால் இன்னும் கூடும். நீட்டிய இரும்போடு இதையும் சேர்த்தால் நுனிப்பக்கம் மட்டும் 35 கிலோ. ஒரு வளர்ந்த ஆட்டைக் குழாயின் வாயில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். குழாயைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர், அது பிடித்திருக்கும் காது, குழாய் சுழலும் அடிவளையம் ஆகியவற்றை யாரும் பெரிதாக்கவில்லை. அவை பழைய பளுவுக்கு அளந்து செய்யப்பட்டவை. பட்டறையில் நீட்டுவது நுனியைத்தான், பளு போய் உட்காருவது அடியில்.

2. வெல்டிங் உடைவது வயலில் என்று நினைக்கிறீர்களா?

நம் பக்கம் தை அறுப்புக்கு வரும் மிஷின்களில் பெரும்பகுதி சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கத்திலிருந்து லாரியில் ஏறி வருபவை. ராத்திரி முழுக்க ஓட்டம். குழாய் மடங்கிப் படுத்துக்கொள்ள மிஷினின் உடம்பில் ஒரு தாங்கி இருக்கிறது. கம்பெனி குழாயின் நீளத்துக்கு அது சரியான இடத்தில்தான் இருக்கிறது. நீட்டிய மூன்றடிக்கு மட்டும் தாங்கி கிடையாது. அது பின்னால் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒவ்வொரு பாலத்து ஏற்றத்துக்கும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே வருகிறது. ஒட்டுப்போட்ட இடத்தில் வெல்டிங் சூட்டில் ஏற்கெனவே தகடு முறுகியிருக்கும். கோடு மாதிரி ஒரு விரிசல் அங்கே விடிவதற்குள் பிறந்துவிடும். பெயின்ட்டுக்கு அடியில் யார் கண்ணுக்கும் தெரியாது.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் பருவம் தவறிப் பெய்த மழை இங்கே யாருக்கும் மறந்திருக்காது. அதற்கு முந்தின நாள் எங்கள் வயலில் பெல்ட் வண்டி இறங்கியிருந்தது. மூன்று ஏக்கரில் ஒன்று முடிந்து இரண்டாவதில் பாதி. நீட்டிய குழாய். அந்த ஏக்கரில் மூன்றாவது டேங்கைக் கொட்டும்போது ஒட்டுப்போட்ட இடத்தில் "டக்" என்று ஒரு சத்தம். குழாய் உடனே விழவில்லை, முழங்கை மடிகிற மாதிரி மெல்ல மடிந்தது. உள்ளே நெல்லைத் தள்ளும் திருகு சுற்றிக்கொண்டே இருந்ததால் மடிந்த இடத்தைப் பிய்த்துக்கொண்டு தகடு விரிந்தது. டிப்பருக்குள் நின்று நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்த பையன் பலகைமேல் கையை வைத்து எகிறிக் குதித்தான். அவன் தலை இருந்த இடத்துக்கும் அந்தத் தகட்டுக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். ஓட்டுநர் இறங்கி வந்து குழாயைப் பார்க்கவில்லை. பையனைத்தான் பார்த்தார். "ஒண்ணும் ஆகலியே தம்பி, ஒண்ணும் ஆகலியே" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெல்டர் வந்து சேரச் சாயந்தரம் ஆனது. ராத்திரி வானம் மூடிக்கொண்டது. நின்ற ஒன்றரை ஏக்கரும் படுத்துவிட்டது. தண்ணீர் வடிந்து அறுத்தபோது கதிரில் முளை வெள்ளையாக எட்டிப் பார்த்தது. ஏக்கருக்கு 400 ரூபாய் மிச்சம் என்ற கணக்கோடு இதையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன்.

3. குழாயை நீட்டினீர்கள். உள்ளே இருக்கும் திருகை என்ன செய்தீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பட்டறையில் இரண்டு பதில் கிடைக்கிறது. ஒன்று, "திருகு எதுக்கு, நெல்லு தானா தள்ளிக்கிட்டுப் போயிடும்." போகாது. காய்ந்த நெல்லே திருகு முடிந்த இடத்தில் தயங்கும். நாம் அறுப்பது பனி காயாத நெல். கொள்முதல் நிலையத்தில் கேட்கும் 17 சதவீத ஈரப்பதத்துக்கு அது வருவதே களத்தில் காயப்போட்ட பிறகுதான். அதோடு வைக்கோல் துணுக்கும் கூளமும் கலந்திருக்கும். திருகில்லாத மூன்றடியில் அது அடைத்துக்கொண்டு கெட்டியான கட்டையாகும். பின்னால் வரும் நெல் அந்தக் கட்டையை முட்டும். முட்டும் விசை முழுவதும் திருகைத் திருப்பும் பெவல் கியரில் போய் இறங்கும்.

இரண்டாவது பதில் கொஞ்சம் அறிவுள்ளது. திருகையும் சேர்த்து நீட்டுவது. இதைச் சரியாகச் செய்தவர்கள் மிகச் சிலர். பழைய திருகின் இலை முடிகிற இடத்தில் புதிய இலை அதே சாய்வில், அதே இடைவெளியில் தொடர வேண்டும். தொடர்ச்சி அரைச் சுற்று தள்ளிப்போனாலும் அந்த இடத்தில் நெல்லைத் தள்ள ஆளில்லை, அங்கேயே கட்டும். நடுத்தண்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டும். நுனியில் தண்டைப் பிடிக்க பேரிங் வேண்டும். நான் பார்த்த பல நீட்டல்களில் அந்த பேரிங்கே கிடையாது. குழாய் தொய்ந்ததும் திருகின் விளிம்பு அடிப்பக்கத் தகட்டைத் தேய்க்கத் தொடங்குகிறது. ஒரு பக்கம் தேய்ப்பு, எதிர்ப்பக்கம் இடைவெளி. அந்த இடைவெளி ஒரு நெல்மணியின் பருமனுக்கு வந்துவிட்டால் அங்கே மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு மணியும் நசுங்கும். விதைநெல்லுக்கு அறுக்கிறவர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். உமி விரிந்த மணி கண்ணுக்கு முழுசாகத் தெரியும், நாற்றங்காலில் முளைக்காமல் போகலாம்.

இதற்கு மேல்தான் பெரிய பாவம் நடக்கிறது. பல வண்டிகளில் அடைப்பு ஏற்பட்டால் உடையட்டும் என்றே ஒரு மெல்லிய ஷியர் போல்ட் வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் வழுக்கட்டும் என்று பெல்ட். குழாயை நீட்டிய பிறகு அந்த போல்ட் அடிக்கடி உடையும். உடையத்தான் செய்யும், பளு கூடிவிட்டதைச் சொல்ல அதற்கு வேறு வாய் கிடையாது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "சனியன், உடைஞ்சுக்கிட்டே இருக்கு" என்று கெட்டியான போல்ட்டாகப் போட்டுவிடுகிறார்கள். வழுக்கும் பெல்ட்டை இழுத்து முறுக்கிவிடுகிறார்கள். சில ரூபாய் போல்ட் உடைவதற்குப் பதில் ஆயிரக்கணக்கில் விலையுள்ள கியர் உடைகிறது. சின்ன டவுனில் அந்த கியர் அன்றே கிடைப்பதில்லை. இப்படி போல்ட்டை மாற்றியவர்களிடம் கையைப் பிடித்துச் சொல்கிறேன்: இன்றைக்கே கழற்றிப் பழையதைப் போடுங்கள்.

4. உயரம் வேண்டும் என்கிறீர்கள். அந்த உயரத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

மின்கம்பி இருக்கிறது. மற்றதெல்லாம் பணம், நேரம், நெல். இது உயிர்.

டெல்டாவில் மோட்டார் கொட்டகைக்குப் போகும் கம்பி வயலுக்கு நடுவேதான் போகிறது. தெருவின் குறுக்கிலோ நெடுகிலோ போகாத இடத்தில், 11,000 வோல்ட் வரையிலான உறையில்லாக் கம்பிக்கும் விதிப்படி தரையிலிருந்து இருக்க வேண்டிய குறைந்தபட்ச உயரம் 4.6 மீட்டர். பதினைந்து அடி. இது காகிதத்தில். வயலில் மண் நெகிழ்ந்து கம்பம் சாய்ந்திருக்கும், இரண்டு கம்பத்துக்கு நடுவில் கம்பி வெயிலில் தொய்ந்திருக்கும். நீட்டிய குழாயை ஹைட்ராலிக்கில் நிமிர்த்தினால் அதன் வாய் 13, 14 அடிக்குப் போகிறது. விதிப்படி நிற்கும் கம்பிக்கே மிச்சம் ஓரிரு அடி. தொய்ந்த கம்பிக்கு அதுவும் இல்லை. மிஷின் வரப்பில் ஏறினால் அந்த ஏற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் கண் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குழாயைத் திருப்பும்போது அவர் டிப்பரின் பலகையைப் பார்க்கிறார், நெல் வெளியே கொட்டாமல் விழுகிறதா என்று பார்க்கிறார். மேலே பார்ப்பதில்லை. சாயந்தரத்துக்கு மேல் விளக்குப் போட்டு அறுக்கும்போது மேலே பார்த்தாலும் தெரியாது. "கம்பியைத் தொடாம ஓட்டத் தெரியாதா எங்களுக்கு?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தெரியும். கம்பெனி குழாயின் நீளம் உங்கள் கையிலும் கண்ணிலும் பத்து வருஷமாகப் பதிந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தைத்தான் மூன்றடி நீட்டல் ஒரே நாளில் பொய்யாக்கிவிடுகிறது. டிப்பருக்குள் நிற்கும் பையன் குழாயின் வாயைக் கையால் பிடித்துத் திருப்புவதையும் நாம் தினம் பார்க்கிறோம். கம்பியைத் தொட்டது குழாயாக இருந்தாலும் போவது அந்தக் கையாக இருக்கும்.

தொட்டே விட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்ற கவலை எனக்கு உண்டு. ஓட்டுநர் சீட்டை விட்டு இறங்கக் கூடாது. கீழே இருப்பவர்கள் மிஷினையோ டிப்பரையோ தொடாமல் தள்ளிப்போக வேண்டும். மின்வாரியத்துக்குச் சொல்லிக் கரன்டை நிறுத்தும்வரை அப்படியே இருக்க வேண்டும். தீப்பிடித்து இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து இறங்கவே கூடாது. இரண்டு காலையும் சேர்த்து எட்டக் குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் நகர்ந்து விலக வேண்டும்.

5. அமெரிக்காக்காரன் நீட்டுகிறானே?

அங்கே கதிர் அறுக்கும் முகப்பின் அகலம் 40 அடி, 45 அடி, அதற்கு மேலும்கூட வந்துவிட்டது. மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு தானிய வண்டி கூடவே ஓடி நெல்லையோ கோதுமையையோ வாங்கிக்கொள்கிறது. முகப்பின் நுனியைத் தாண்டி அந்த வண்டி ஓட வேண்டுமானால் குழாய் அதற்கு வெளியே நீண்டே ஆகவேண்டும். நம் பெல்ட் வண்டியின் முகப்பு சுமார் 2 மீட்டர். கூட ஓட எந்த வண்டியும் நம் சேற்றில் இறங்கப்போவதில்லை. அவர்களுடைய தேவை நமக்கு இல்லை. குழாயின் நீளத்துக்கேற்பக் கியரையும் சிலிண்டரையும் தாங்கியையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தொழிற்சாலையில் செய்வது ஒரு வேலை. டிரம் தகட்டை வளைத்து ஒட்டுவது வேறு வேலை. வடக்கத்தி டயர் வண்டிக்கும் இதே பதில்தான். அதன் உடம்பு பெரிது, எடை பெரிது, ஓடுவது காய்ந்த நிலத்தில்.

6. அப்படியானால் அந்த 10 நிமிஷம் வீணாகவே போகட்டுமா?

வேண்டாம். அந்த 10 நிமிஷம் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். டிப்பர் நிற்கிற இடத்தில் பிறக்கிறது, அதன்மேல் அடித்த இரண்டாவது பலகையில் பிறக்கிறது. குழாயின்மேல் பழி போடுவது சுலபம், ஏனென்றால் அது ஒருவருடைய சொத்து, பட்டறைக்கு எடுத்துப் போகலாம். டிப்பர் இன்னொருவருடையது, வரப்பு மற்றொருவருடையது. மூன்று பேரும் ஐந்து நிமிஷம் பேச வேண்டியதை ஒருவர் மட்டும் வெல்டிங் வைத்துத் தீர்க்கப் பார்க்கிறார்.

பேசினால் என்ன நடக்கும் என்று எங்கள் தெருவிலேயே பார்த்தேன். என் சித்தப்பா அறுப்புக்கு முந்தின நாள் ரோட்டோரம் வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் ஒரு தாழ்வான இடத்தை மண்வெட்டியால் செதுக்கி டிப்பர் இறங்கி நிற்க வழி செய்தார். எதிரே வயலுக்குள் மிஷின் ஏறி நிற்க வண்டல் மண்ணைக் கொட்டி இரண்டு பெல்ட்டும் சமமாக உட்காரும் அகலத்துக்கு ஒரு மேடு. இரண்டு ஆளுக்கு அரை நாள் வேலை. டிப்பர்காரரிடம் மிஷின் பக்கத்து மேல்பலகையை மட்டும் கழற்றிவிட்டு வரச் சொன்னார். டிப்பர் ஒரு முழம் இறங்கியது, மிஷின் முக்கால் அடி ஏறியது, பலகை ஓரடி குறைந்தது. கம்பெனி குழாய் அப்படியே உள்ளே கொட்டியது. நெல் பலகைக்கு வெளியே தெறிக்காமலிருக்கக் குழாயின் வாயில் இரண்டடிக்கு ரப்பர் ஷீட்டைச் சுருட்டிக் கட்டித் தொங்கவிட்டார்கள். இரண்டு மூன்று கிலோதான் அது. இடித்தால் மடியும், யார் தலையையும் உடைக்காது.

ரோடே எட்டாத வயல்களும் உண்டு, தெரியும். அங்கே தார்ப்பாயை விரித்துக் கொட்டி அள்ளுவதுதான் வழி. ஆள்கூலி ஆகும். ஆகட்டும். அந்தக் கூலி நம் ஊரிலேயே ஒருவர் கைக்குப் போகிறது.

"நீட்டித்தான் ஆகணும்" என்று நிற்பவர், கம்பெனியே அந்த மாடலுக்கு நீளக் குழாய் தருகிறதா என்று கேட்டுப் பார்க்கட்டும். தந்தால் அதற்கான சிலிண்டரோடும் தாங்கியோடும் வாங்கிப் போடட்டும். தராவிட்டால் அந்த உடம்பு அதைத் தாங்காது என்று வைத்துக்கொள்வதே நல்லது.

போன புரட்டாசியில் எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் கை சுத்தமான கை, ஒட்டினால் ஒட்டினதுதான். நான் அவன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறேன் என்று கோபப்படுவான் என நினைத்தேன். கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்: "அண்ணே, நான் முடியாதுன்னா அடுத்த பட்டறைக்குப் போவாங்க. உயரம் வேணும்னு வர்றவங்ககிட்ட நான் என்னதான் சொல்றது?"

டிப்பர் பலகையின் உயரத்தை அளந்துகொண்டு வரச் சொல், வயலில் கம்பி எங்கே போகிறது என்று கேள் என்றேன். பலகைக்குக் கீல் வைத்து மடக்குகிற வேலையை நீயே எடுத்துச் செய், அதுவும் வெல்டிங்தானே என்றும் சொன்னேன். தைக்குள் ஏழு டிப்பருக்குக் கீல் வைத்துக் கொடுத்திருக்கிறான். குழாய் நீட்டக் கேட்டு வந்த இரண்டு பேரை, அளவெடுத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறான். ஒருவர் அளந்துகொண்டு வந்தாராம். தேவைப்பட்டது ஒன்பது அங்குலம்.